வத்தகப்பழத்தின் மேல் ஏன் பழி?

கோடை வந்தால் எனக்கு இரண்டு கூட்டத்தோடு சண்டை. ஒன்று, வத்தகப்பழத்தை (தர்ப்பூசணி) மருந்தாக்கிக் காட்டும் ரிக்ரொக் கூட்டம். மற்றது, அதே பழத்தைச் சீனி மூட்டை என்று ஒதுக்கும் எங்கள் மாமா மாமி கூட்டம்.

இரண்டாவது கூட்டத்தை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் பார்க்கலாம். "பெரியப்பாவுக்குச் சலரோகம், வத்தகப்பழம் குடுக்காதேங்கோ" என்பார்கள். பெரியப்பாவின் கையில் கோலா ரின் இருக்கும். அதை யாரும் வாங்கி வைக்கமாட்டார்கள்.

கணக்குப் பார்ப்போம். 100 கிராம் வத்தகப்பழத்தில் ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர், 6 கிராம் சீனி. கால் கிலோ சாப்பிட்டாலும் 15 கிராம் சீனிதான். 355 மில்லிலீற்றர் கோலாவில் கிட்டத்தட்ட 39 கிராம். இதில் எதை மறைத்து வைக்க வேண்டும்?

"அதுக்குக் கிளைசீமிக் சுட்டி கூட" என்று சிலர் வருவார்கள். கூடத்தான். ஆனால் அந்தச் சுட்டியைப் பொதுவாக 50 கிராம் மாச்சத்துள்ள உணவை வைத்தே கணிக்கிறார்கள். வத்தகப்பழத்தில் அவ்வளவு மாச்சத்து வேண்டுமென்றால் ஏறக்குறைய 700 கிராம் தின்ன வேண்டும். ஒரு துண்டு எங்கே, 700 கிராம் எங்கே? சலரோகம் உள்ளவர்கள் அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அளவு என்பது வேறு, தடை என்பது வேறு.

அந்தத் துண்டில் வெறும் தண்ணீரும் இல்லை. அதன் சிவப்பு லைக்கோப்பீன், தக்காளியில் இருக்கும் அதே பொருள். உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் முலாம்பழம் இன்னும் ஒரு படி மேலே. 100 கிராமில் ஏறக்குறைய 37 மில்லிகிராம் விற்றமின் சி. அதன் பீற்றா கரோட்டினை உடல் விற்றமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பொற்றாசியமும் உண்டு. அதனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இனி ரிக்ரொக் கூட்டம். மூன்று நாள் வத்தகப்பழம் மட்டும் தின்றால் உடம்பிலுள்ள நச்செல்லாம் போய்விடுமாம். கழிவை அகற்ற ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே இரவு பகலாக வேலை செய்கின்றன. அந்த மூன்று நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர். 100 கிராம் பழத்தில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. வளர்கிற வயதில் அதை மட்டும் தின்பது பட்டினிக்கு வைத்த இன்னொரு பெயர். அந்தக் காணொளியைத் தங்கைக்கு அனுப்பும் முன் இதை யோசியுங்கள்.

பெரியவர்களுக்குப் புத்தி சொல்வதா என்று தயங்கவும் வேண்டாம். வைத்தியரிடம் அவர்களோடு போய் மொழிபெயர்ப்பவர்கள் நாங்கள்தானே? வீட்டில் லேபிள் வாசித்துச் சொல்பவர்களும் நாங்கள்தான். கோலா ரின்னைத் திருப்பிப் பிடித்து, அதிலுள்ள சீனியின் அளவைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு துண்டு வத்தகப்பழம் வெட்டிக் கொடுங்கள்.