பிள்ளைக்குக் கொடுக்கும் பணமும் வங்கியில் பிடிபடும் வரியும்

கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதித் தோட்டங்களில் ஓய்வு பெறும் தொழிலாளி ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையே பெருந்தொகையொன்றைக் கையில் காண்கின்றார். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் சேர்ந்த அத்தொகை அவரிடம் நெடுநாள் தங்குவதில்லை. மகனின் முச்சக்கரவண்டிக்கும் மகளின் திருமணத்திற்குமாகப் பிரிந்து போகின்றது. லயன் அறைக்கு உறுதி கிடையாது. காணி எழுதிக் கொடுக்க வழியற்றவர் காசைத்தானே கொடுக்க முடியும்?

இப்படிக் கொடுப்பதற்கு வரி உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பே. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, குடும்பத்தவர் அன்பளிப்பாகத் தரும் பணம் பெறுபவரின் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. மத்திய கிழக்கிலிருந்து மகள் தாய்க்கு அனுப்பும் பணமும் அவ்வாறே.

சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. அப்பணம் நிலையான வைப்பாகியதும் அதன் வட்டி வருமானமாகின்றது. 2023 ஜனவரியில் 5 சதவீதமாக விதிக்கப்பட்ட நிறுத்திவைத்தல் வரி, 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பத்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டு வட்டி எண்பதாயிரம் என்று கொண்டால், எட்டாயிரம் ரூபா வங்கியிலேயே கழிந்துவிடும். அதே ஏப்ரலில் வருமான வரி விலக்கெல்லை ஆண்டுக்கு 18 இலட்சமாக்கப்பட்டது. அந்த எல்லைக்குட்பட்டவர் சுயபிரகடனப் பத்திரம் கொடுத்தால் வங்கி வரியைக் கழிக்காது. சலுகை இருக்கின்றது, ஆனால் கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கின்றது. பத்திரம் நிரப்பத் தெரியாத மூதாட்டியிடம் பிடித்துக்கொண்டு, பின்னர் மீளளிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்வது நியாயமாகாது.

கொடைக்கே வரி விதிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையைத் தழுவி 1950களின் இறுதியில் கொண்டுவரப்பட்ட கொடை வரி 1980களில் கைவிடப்பட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், கொடைக்கும் மரபுரிமைக்கும் 2025க்குள் வரி கொண்டுவருவதாக அரசாங்கம் உறுதியளித்தது. அவ்வாண்டில் அது நடைமுறைக்கு வரவில்லை.

என்றேனும் வருமாயின், மாவனல்லை முஸ்லிம் வர்த்தகக் குடும்பங்களும் அதனைக் கவனித்தாக வேண்டும். இஸ்லாமிய மார்க்க விதிப்படி மரண சாசனத்தால் மூன்றிலொரு பங்குக்கு மேல் எழுதலாகாது என்பதால், வாழும் காலத்திலேயே ஹிபாவாகக் கடையையும் வீட்டையும் கையளிப்பது அங்கு பழகிய வழி. அவ்வாறு உறுதி எழுதும்போது மாகாண சபைக்கு முத்திரை வரியும் செலுத்தப்படுகின்றது. அதே கையளிப்புக்கு மீண்டுமொரு வரியா என்பதற்குச் சட்ட வரைவிலேயே விடை இருக்க வேண்டும்.

கோடிக்கணக்கான சொத்துக் கைமாறும்போது அரசு பங்கு கேட்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவரின் சேமலாப நிதி அக்கணக்கில் சேரலாகாது. விலக்கெல்லையை நிர்ணயிக்கும்போது அத்தொகையை முன்வைத்தே அரசு கணக்கிட வேண்டும். அதற்கு முன்னர், வைப்பைத் திறக்கும் அன்றே சுயபிரகடனப் பத்திரத்தைத் தமிழில் நீட்டி, நிரப்பவும் உதவுமாறு தோட்டப்புற வங்கிக் கிளைகளுக்குப் பணிப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.