மண்ணெண்ணெயில் கார் ஓட்டின பரம்பரை

போன மாதம் ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விழா. ஒரு காலத்தில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய எங்களில் பாதிப்பேர் ஒரே மேசையில். யார் வீடு வாங்கினது, யாருடைய பிள்ளை மருத்துவம் படிக்குது என்று கதை வழமைபோலப் போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் வடக்கிலேயே கிடக்கிற ஆள். அதனால் ஊர்ப்புதினம் சொல்கிற உத்தியோகம் எனக்கு.

ஒருவர் கேட்டார்: "உங்க எங்கட கூட்டாளியின்ர பெடியன் இன்னும் அந்தப் பழைய வொல்வோவைக் கிண்டிக்கொண்டுதான் திரியிறானோ?"

"ஓம் அண்ணை. போன கிழமை பெற்றோல் பம் மாத்தினவன்."

மேசை சிரித்தது. "தேப்பன் இத்தனை வருசம் மீனுக்குள்ள நிண்டு உழைச்சது உவன் கிறீசுக்குள்ள படுக்கிறதுக்கோ?" என்றார் இன்னொருவர். காவாலி என்ற சொல்லும் எங்கிருந்தோ வந்து விழுந்தது.

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். சபையில் எதிர்த்துக் கதைக்கத் தெரியாது எனக்கு. வீட்டுக்கு வந்து எழுதத்தான் தெரியும். எழுதுகிறேன், அந்த மேசையில் இருந்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே.

அண்ணைமாரே, உங்களுக்கு ஒரு சங்கதி மறந்துபோச்சு. நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆக்கள்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் போய்விட்டது. எனக்கு அப்போது 18 வயது. கொக்குவிலில் ஒரு கராச்சில் கையாளாக நின்றேன். ஸ்பனர் எடுத்துக் கொடுப்பது, பிளக் துடைப்பது, தேத்தண்ணி வாங்கி வருவது. இவைதான் என் வேலை. அங்கே நின்ற அண்ணை பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று ஊரில் கிடந்த கிழட்டுக் கார்களை எல்லாம் அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

அவர் செய்தது என்ன? பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிடுவார். அதற்குள் கொஞ்சப் பெற்றோல். சேலைன் குழாய் வழியாக அது காபரேற்றருக்குப் போகும். அதிலே என்ஜினை ஸ்ரார்ட் பண்ணி, நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறகு ரப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல லேசில் ஆவியாகாது. அதனால் அது வருகிற செப்புக் குழாயை புகை போகிற குழாயோடு சேர்த்துச் சுற்றிவிடுவார். இறங்கும் முன் ஞாபகமாகத் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தநாள் காலை தள்ளவேண்டியதுதான்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் நேரம் பிந்தாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது என்ஜின் கடகடவென்று அடிக்கும். நொக்கிங் என்போம். அதற்கு அண்ணை டிஸ்ரிபியூற்றரைக் கழற்றித் துளித்துளியாகத் திருப்பி, பொறி விழுகிற நேரத்தைப் பின்தள்ளுவார். காதை பொனற்றோடு வைத்துக்கொண்டுதான் திருப்புவார். அந்தப் பழைய கார்கள் காற்றை அவ்வளவு இறுக்கி அமுக்காத கார்கள். அதனால்தான் தப்பின. புதுக் காரைக் கொண்டுவந்தால், "இதை வீட்டில விட்டிட்டு சைக்கிள்ல போ தம்பி" என்று திருப்பி அனுப்புவார்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனுக்குப் பக்கத்தால் வடிந்து கீழே ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும். "ஒயில் கூடினால் சந்தோசப்படாத. என்ஜின் சாகப்போகுது எண்டு அர்த்தம்." ஒருநாள் அந்தச் சேலைன் குழாய் கழன்று சூட்டில் ஒழுகி, என்னுடைய கண்புருவம் இரண்டும் போனது. அண்ணை சாக்கால் அடித்து நெருப்பை அணைத்துவிட்டு எனக்கும் ஒன்று போட்டார். கிளிப் இறுக்காதது நான்தான்.

பிரசவ வலி கண்டவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்கள்தான். உங்களில் இரண்டுபேருடைய கலியாணக் காரும் அப்படி ஓடியதுதான். புகை மணத்தோடு மாப்பிளை வந்து இறங்கியதைப் போன வருடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எங்கள் விடாமுயற்சி, எங்கள் மூளை என்று மேடையிலும் பேசுகிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு கேள்வி. அந்த அண்ணைக்குப் பொம்பிளை கொடுக்க எங்கட ஆக்கள் எத்தனை பேர் முன்வந்தவை? நகத்துக்குள் கறுப்பு இருந்தபடியால்தானே 38 வயதுவரை அவருக்கு ஒன்றும் சரிவரவில்லை? அன்றைக்கு ஊரில். இன்றைக்கு ஒஸ்லோவில். இடம்தான் மாறியிருக்கிறது.

இனிப் பெடியனுக்கு வருவோம்.

அவனிடம் இருப்பது 1989ஆம் ஆண்டு வொல்வோ 740 டேர்போ. 2.3 லீற்றர், எட்டு வால்வு. டேர்போ என்பது பெரிய மந்திரம் இல்லை. வெளியே போகிற புகை ஒரு சில்லைச் சுற்றும், அதே தண்டில் இருக்கிற மற்றச் சில்லு காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடவேண்டும். பெற்றோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். முழுப் பலத்தில் அமுக்கும்போது அந்தக் கணக்குக் காணாது. 12 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவிலாவது பெற்றோல் போகவேண்டும். மிச்சப் பெற்றோல் உள்ளே சூட்டைத் தணிக்கும்.

அவன் 17 வயதில் செய்தது மடைவேலை. அதை நான் மறைக்கப் போவதில்லை. டேர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னக் குழாயில் ஒரு பித்தளை ரப்பைப் பூட்டி, அமுக்கத்தை மட்டும் ஏற்றினான். சில குறோனர் செலவு. கார் பறந்தது. இன்ஜெக்ரர்கள் தங்களால் முடிந்தமட்டும் திறந்துவிட்டன, அதற்குமேல் கொடுக்கப் பெற்றோல் இல்லை. மலைவீதியில் ஏறும்போது நொக்கிங், பிறகு ஒரு வெடிச்சத்தம், பிறகு நீலப்புகை. பிஸ்ரனில் வளையங்களுக்கு நடுவில் இருக்கிற விளிம்பு உடைந்துபோனது. எங்கள் ஊரில் இருந்து தானா பாலத்துக்குச் சுமார் 100 கிலோமீற்றர். நடுவில் மரம்கூட இல்லாத வெறும் மேடு. பனிக்காலத்தில் பனிதள்ளும் வாகனத்துக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். நல்லகாலம், நடந்தது ஆடி மாதத்தில். தகப்பன் போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அந்தப் பிஸ்ரன் இப்போதும் அவனுடைய ஜன்னலில் இருக்கிறது.

இரண்டாவது தரம் செய்தபோது வரிசையை மாற்றினான். முதலில் பெற்றோல், பிறகுதான் காற்று. அந்தக் காரில் பெற்றோல் 3 பார் அமுக்கத்தில் நிற்கும். டேர்போ 1 பார் ஏற்றினால் பெற்றோலும் 4 பாருக்கு ஏறவேண்டும். இல்லாவிட்டால் இன்ஜெக்ரருக்குள்ளால் வருகிற அளவு குறையும். ஆனால் எந்தப் பம்மும் எதிரமுக்கம் கூடக்கூடக் குறைவாகத்தான் தள்ளும். அதனால் பெட்டியில் எழுதியிருக்கிற இலக்கத்தை அவன் நம்பவில்லை. 4 பாரில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்தான். கராச்சுக்கு வெளியே, பற்றரியைத் தூரத்தில் வைத்து, மூடிய கலனுக்குள். கார் நின்ற பிறகும் குழாய்க்குள் அமுக்கம் இருக்கும் என்பதால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் இணைப்பைத் தொட்டான். அன்றைக்கு வெளியே சைபருக்குக் கீழே ஒன்பது. உள்ளே இருந்த ஹீற்றரை நான் போடப் போனேன். "மாமா, வேண்டாம். பெற்றோல் ஆவி" என்று என் கையைப் பிடித்தான். கண்புருவம் எரிந்தவன் நான். எனக்கு அவன் சொல்லித் தருகிறான்.

புகைக்குழாயில் ஒரு சென்சர் பூட்டியிருக்கிறான். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை அது உடனுக்குடன் காட்டும். கொக்குவில் அண்ணை காதால் கேட்டதை இவன் கண்ணால் பார்க்கிறான். இருவருக்கும் எதிரி ஒன்றுதான், அந்தக் கடகட.

கியர்பொக்ஸ் கதை சின்னது. அந்தக் காரோடு வந்தது நாலு கியரும் ஓவர்டிறைவும் கொண்டது. என்ஜினுக்குப் பலம் கூடினால் முதலில் கிளச் வழுக்கும். கிளச்சைப் பலப்படுத்தினால் ஓவர்டிறைவ் வழுக்கும். அதையும் பலப்படுத்தினால் பின் அச்சு. பலம் எங்காவது போய் இடிக்கத்தான் செய்யும். ஆகவே பிந்திய 940 ஒன்றில் இருந்து எம் 90 கியர்பொக்ஸ் எடுத்து வைத்திருக்கிறான். பின்னுக்குப் போகிற தண்டின் நீளத்தை மூன்று தரம் அளந்தாயிற்று. பிறேக்கை எல்லாவற்றுக்கும் முதலிலேயே மாற்றிவிட்டான். பலத்தைக் கூட்டினால் வீதிப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எடுத்துப் பதிவிலும் மாற்றவேண்டும். இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கட்டின காசை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்கான கடிதங்களை ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கியிருக்கிறான். காகிதம் வரும்வரை கார் கராச்சை விட்டு இறங்காது என்று தகப்பனுக்குச் சொல்லியும் இருக்கிறான்.

இப்போது அந்த மேசைக்குத் திரும்புவோம். காவாலி என்று சொன்னவரின் மகனை எனக்குத் தெரியும். பொருளாதாரம் படிக்கிறான், நல்ல பிள்ளை. தவணைக்கு எடுத்த டேர்போ காருக்கு இணையத்தில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி ஐந்து நிமிடத்தில் செருகிவிட்டு, 60 குதிரை கூடிவிட்டது என்று எல்லோருக்கும் காட்டுகிறான். கையில் ஒரு சொட்டு ஒயில் படவில்லை. என்ன கூடியது, எது தாங்கும், எது தாங்காது என்று கேட்டால் தெரியாது. பிறேக் அதே பிறேக். பதிவிலும் ஒன்றும் மாறவில்லை. தகப்பன் அதைப் பெருமையாகக் கதைக்கிறார்! பாட்ஸ்பியோர்ட் பெடியன் 17 வயதில் செய்த அதே மடைவேலைதான் இதுவும். வெள்ளைச் சேட்டோடு செய்தபடியால் அது காவாலித்தனம் இல்லை.

எங்களுக்குப் பலம் பிரச்சினை இல்லை, வேகம் பிரச்சினை இல்லை. அழுக்குத்தான் பிரச்சினை.

"இனி எல்லாம் கரண்டுக் கார், உந்தத் தொழில் எதுக்கு?" என்று இன்னொரு ஞாயம். உண்மைதான், 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார். அந்தக் கார்களையும் ஒருவன் திருத்தத்தானே வேண்டும்? அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத பழக்கம் பெற்றோலோடு சேர்ந்து ஆவியாகிப் போய்விடுமா?

நாங்கள் தொழிற்சாலையில் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். பாடர் மெசின் நின்றால் வரிசை முழுவதும் நின்றது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் வரும்வரை ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவருக்கும் அதன் மூடியைத் திறக்கத் தெரியாது. திறந்து பார்க்க ஆசைப்பட்ட ஒருவரையும், "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை" என்று நாங்களே இழுத்து நிறுத்தினோம். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, பெடியனின் தகப்பன்தான்.

இப்போது பெடியனுக்கு 19 வயது. தொழிற்கல்வியில் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டான். இன்னும் இரண்டு வருடம் பயிலுநராக நின்றால் தொழிற்சான்றிதழ். இடமும் கிடைத்திருக்கிறது. ஆவணியில் தொடங்கவேண்டும். தகப்பனோ, அதை விட்டுவிட்டு ஒஸ்லோவுக்குப் போய் ஒரு வருடம் கூடப் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போ என்று நிற்கிறார். அது அவருடைய யோசனை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் தொலைபேசியில் ஏற்றுகிற யோசனை. போன கிழமை என்னிடம் வந்து, "மச்சான், எல்லாரும் சொல்லுகினம், நான் மட்டும் எப்பிடி?" என்று கேட்டார்.

தயவுசெய்து அந்தத் தொலைபேசியைக் கொஞ்சநாள் வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை எம் 90ஐத் தூக்கிப் பூட்டுகிறோம். அது பாரமான சாமான். ஒருவன் கீழே படுக்க, இரண்டுபேர் பிடிக்கவேண்டும். எனக்கு இடுப்பு நோ, லாம்பு மட்டும்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். பெடியனின் கூட்டாளி ஒரு நோர்வேப் பெடியன் வருகிறான். இன்னும் ஒரு ஆள் காணாது. நேற்று வேலை முடிந்து போகும்போது தகப்பன் என்னைக் கேட்டார்: "சனிக்கிழமை எத்தினை மணிக்கு?"