ஒளித்து வைத்த ஒற்றன்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு நாள், எமது ஒழுங்கையிற் குடியிருக்கும் ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டர் களவு போயிற்று. கோவிலைச் சூழவுள்ள வீதிகளில் அந்நாட்களில் வாகனம் செல்ல அனுமதி இல்லாமையால், அம்மையார் சற்றுத் தொலைவில் ஒரு மதிலோரமாக வண்டியை நிறுத்தி, கழுத்துப் பூட்டும் போட்டு, திறப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார். அர்ச்சனை முடிந்து திரும்பியபொழுது மதில் நின்றது, வண்டி இல்லை. திறப்பு மாத்திரம் இன்றும் அவரிடம் உண்டு.

ஏறத்தாழ நூறு கிலோ நிறையுள்ள வண்டியை இருவர் தூக்கிச் சிறு லொறியொன்றில் ஏற்றிவிட்டாற் பூட்டு என்ன செய்யும்? சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாந் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஈடு தராது என்பதை அம்மையார் அன்றுதான் அறிந்தார். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர், பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்த நாட்களிற் கடன்பட்டு வாங்கிய வண்டி அது.

இச்சம்பவம் எமது நித்திரையைக் கெடுத்தது. எம் மகள் வைத்தியசாலையொன்றில் தாதி. மாலைக் கடமை முடித்து இரவில் ஸ்கூட்டரில் வருபவள். கனடாவில் வாழும் மகன், தான் முன்பு பாவித்த அப்பிள் கைத்தொலைபேசியோடு, பெரிய பொத்தான் போன்ற வெண்ணிறத் தகடொன்றையும் எமக்கு அனுப்பியிருந்தான். 2021ஆம் ஆண்டு அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘எயார்டாக்’ என்பது இதுவே. இதனிடம் சிம் அட்டை கிடையாது. தான் நிற்குமிடத்தைத் தானே கணிக்கும் ஆற்றலும் கிடையாது. புளூடூத் அலையினால் இடைவிடாது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அருகாற் செல்லும் அப்பிள் கைத்தொலைபேசி எதுவாயினும் அதனைக் கேட்டு, இன்ன இடத்திற் கேட்டது என்று உரியவருக்கு அறிவித்துவிடும். உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற பற்றரி ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும்.

நாம் அதனை எமது கைத்தொலைபேசியிற் பதிந்து, வண்டியின் முன்புறப் பிளாஸ்ரிக் மூடியின் உட்புறத்தில் ஒட்டினோம். இரும்பு வானொலி அலையை மறிக்கும், பிளாஸ்ரிக் மறிக்காது. மகளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் தோழிக்குத் தெரியும், தோழிக்குத் தெரிந்தால் கராஜுக்குத் தெரியும் என்பது எமது கணக்கு.

அன்று முதல் அப்புள்ளியைப் பார்ப்பது எமக்கு ஒரு பழக்கமாயிற்று. அப்பிள் தொலைபேசிகள் போகாத ஒழுங்கைகளில் அது நெடுநேரம் மௌனஞ் சாதிக்கும். பிறகு திடீரென வேறோரிடத்திற் தோன்றும். வைத்தியசாலையில் நிற்கின்றது, நன்று. புறப்பட்டுவிட்டது; நன்று. ஒரு நாள் கஸ்தூரியார் வீதியில் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கே இவளுக்கு என்ன அலுவல், யாரைக் காணச் சென்றாள் என்றெல்லாம் எம்மனம் அலைந்தது. அறுந்த சங்கிலியைப் பற்றவைக்க நகைக்கடைக்குச் சென்றாள் என்பது பின்னரே தெரிந்தது. திருடனுக்கென வைத்த கண் மகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அப்பொழுது அதனை நாம் அவ்வாறு எண்ணவில்லை. தகப்பனின் கவலை என்றே எண்ணினோம்.

நான்காம் நாள் இரவு எட்டு மணியிருக்கும். அவளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் நடுங்கிற்று. “அப்பா, யாரோ எனக்குப் பின்னால் வருகிறார்கள். எங்கள் வீடும் அவர்களுக்குத் தெரியும். படலையைப் பூட்டிவிட்டு உள்ளே இருங்கள்.”

நடந்தது இதுதான். அந்நியர் ஒருவரின் தகடு அவளுடன் பயணஞ் செய்கின்றது என அவளது கைத்தொலைபேசி எச்சரித்து, அது அவளுடன் சென்ற வழியை வரைபடத்திலும் காட்டியிருக்கின்றது. வைத்தியசாலை, நகைக்கடை, எமது படலை. பிள்ளை வீட்டுக்கு வரவும் அஞ்சி, வெளிச்சமுள்ள ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ‘யாரோ’ நாமே என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. சொல்லாமலும் முடியவில்லை.

அவ்வெச்சரிக்கை வீணாக வைக்கப்பட்டதன்று. இத்தகைய தகடுகளைப் பெண்களின் கைப்பையிலும் வாகனத்திலும் ஒளித்து அவர்களைப் பின்தொடர்ந்த கயவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அதன் காரணமாகவே அப்பிளும் கூகிளும் ஒன்றுகூடி, 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் இருவகைக் கைத்தொலைபேசிகளிலும் இவ்வெச்சரிக்கை தோன்ற வழி செய்தன. தகட்டை ஒலிக்கச் செய்து அது ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் இயலும். எனவே வண்டியைக் களவாடியவனுக்கும் அதே எச்சரிக்கை போகும்; அவன் தகட்டைக் கழற்றி வாய்க்காலில் எறிவான். பிள்ளையை அச்சுறுத்தியதுதான் மிச்சம்.

மகள் இரண்டு நாள் எம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள், வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட கருவியொன்றைத் தன் சம்பளத்தில் வாங்கி வந்தாள்.

நிற்க. இக்கருவியைப் பற்றிப் பலரிடம் ஒரு மயக்கம் உண்டு. செய்மதி வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது என எண்ணுகின்றார்கள். செய்மதி எவரையும் பார்ப்பதில்லை. அமெரிக்கர் அமைத்து 1995இல் முழுமைபெற்ற தொகுதியில், ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் 24க்குக் குறையாத செய்மதிகள் சுற்றுகின்றன. அவை செய்வதெல்லாம், தாம் நிற்குமிடத்தையும் நேரத்தையும் ஓயாது கூறுவதேயாம். நாலு கோவில்களிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தால், எம்மணியோசை எவ்வளவு பிந்தி வந்தது என்பதைக்கொண்டு நாம் நிற்குமிடத்தைக் கணிக்கலாமல்லவா? அதுபோலவே வண்டியிலுள்ள கருவி நான்கு செய்மதிகளின் குரலைக் கேட்டுத் தன் இடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் தானே கணிக்கின்றது. கணித்ததை எமக்குச் சொல்வது செய்மதியன்று. கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை. அதற்குப் பணம் கட்ட மறந்தால், தான் நிற்குமிடத்தைத் தான் அறிந்தும் உரைக்கவியலாத ஊமையாகக் கருவி கிடக்கும்.

கருவி வண்டியின் பற்றரியிலிருந்தே மின்சாரம் பெறும். ஸ்கூட்டரின் பற்றரியோ மிகச் சிறியது. வண்டியைக் கிழமைக்கணக்கில் ஓட்டாது விட்டால் பற்றரி வடிந்துவிடும். நிற்கும்பொழுது தூங்கும் வகைக் கருவியைக் கேட்டு வாங்குதல் நன்று. கம்பியை அறுத்தாலும் சிறிது நேரம் பேசவல்ல உட்பற்றரி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். ஆசனத்தின் கீழே வைப்பது வீண். திருடன் முதலிற் கைவைக்குமிடம் அதுவே. பிளாஸ்ரிக் மூடிகளின் உள்ளே, எஞ்சின் சூடும் மழைநீரும் எட்டாதவிடத்தில், இரும்பு மேலே கவியாதவாறு வைத்தல் வேண்டும்.

வண்டி களவு போனால், வரைபடத்திற் தெரியும் வீட்டுக்கு ஓடிச்சென்று படலையைத் தட்டுவோர் உளர். சில மீற்றர் பிழை என்பது நெருங்கிய ஒழுங்கையில் இந்த வீடோ அடுத்த வீடோ என்னும் பிழையாகும். குற்றமற்றவர் வீட்டில் அவமானம், குற்றவாளி வீட்டில் கத்தி. இவற்றுள் எது கிடைக்குமென யார் அறிவார்? 119க்கு அழைத்து, பொலிசாரிடம் அப்புள்ளியைக் காட்டி, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கொடுத்து முறைப்பாடு செய்வதே முறை. அவ்விலக்கங்கள் பதிவுப் புத்தகத்தில் உண்டு. அப்புத்தகத்தையே வண்டிக்குள் வைத்திருப்போருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

எமது வீட்டுக் கருவியை மகள் தன் கைத்தொலைபேசியிலேயே பதிந்திருக்கின்றாள். எங்கே ஒளித்திருக்கின்றாள் என்று கேட்டோம். அறிந்தோர் தொகை குறைவாக இருப்பதே நல்லதென்றாள். இரவிற் சற்றுத் தாமதமானால், புறப்பட்டுவிட்டேன் என்று அவளே ஒரு வரி அனுப்புகின்றாள். வாராவிடின் நாம் படலையடியிற் போய் நிற்கின்றோம்.