எண்ணெய் இல்லாத உற்சாகம்

உபகாரம் செய்யப் போய் அபகாரம் செய்தவர்களின் ஜாபிதா ஒன்றை யாராவது தயாரித்தால், அதில் நம் பெயரும் தவறாமல் இடம்பெற வேண்டும். அதற்கான யோக்கியதையைச் சென்ற தை மாதத்தில்தான் நாம் சம்பாதித்துக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்ததும் நம் வீட்டுக் கொல்லை காடாகிவிடுவது வழக்கம். பூச்சி பொட்டுக்குப் பயந்து குழந்தைகள் கிணற்றடிக்குப் போவதில்லை. ஆகவே புல்லை அகற்ற ஒரு பெரியவரைக் கூலிக்கு அமர்த்தினோம். அவர் அரிவாளும் கையுமாக வரவில்லை. பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி யந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கடனுக்கு வாங்கியது, இன்னும் நான்கு தவணை பாக்கி என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

பகலில் அவர் சாப்பிடப் போனபோது யந்திரத்தின் தொட்டி காலியாக இருப்பதைக் கண்டோம். நம் ஸ்கூட்டருக்கென்று வாங்கி வைத்திருந்த பெட்ரோலை அதில் நிரப்பினோம். அவர் திரும்பியதும், "தொட்டியை நிரப்பிவிட்டோம்" என்று பெருமையுடன் தெரிவித்தோம். படித்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கயிற்றை இழுத்தார். யந்திரம் முன்னைவிட உற்சாகமாக ஓடியது. சிறிது நேரத்தில் ஓர் அலறல், பிறகு நிசப்தம். கயிறு அசைய மறுத்தது.

பெரியவர் மூடியைத் திறந்து விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். "எண்ணெய் கலந்துதானே ஊத்தினீங்க, ஐயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். இத்தகைய சிறு யந்திரங்களில் பல, இரண்டு வீச்சில் இயங்குபவை. காரில் இருப்பதுபோல் எண்ணெய்க்கென்று தனிப் பாத்திரம் இவற்றில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழவழப்பைத் தருகிறது. அந்தக் காலத்து ஸ்கூட்டர்களுக்கு பெட்ரோல் பங்கில் எண்ணெய் கலந்து வாங்கியதை நேயர்களில் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் இன்றேல் பிஸ்டன் சூடேறி, உருளையின் சுவரைக் கீறிப் பற்றிக்கொள்ளும்.

புதிய பிஸ்டனுக்கும் உருளைக்கும், பெரியவர் வேலையிழந்த நாட்களின் கூலிக்கும் நாம் பணம் கொடுத்தோம். அதற்குப் பிரதியாக, பழுது பார்த்த மெக்கானிக்கிடமிருந்து கிடைத்த பாடத்தை நேயர்களுக்கு இலவசமாகவே வழங்குகிறோம்.

முதலாவது, கலவை. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது வேண்டும் என்பதை யந்திரத்தோடு வந்த புஸ்தகம் சொல்லும். தனி டப்பாவில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, சுத்தம். யந்திரம் திணறினால் உடனே திருப்புளியைத் தேடுவது நம்மவர் சுபாவம். முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டியை. அதில் தூசி அடைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிகுந்ததுபோல் புகையும். பஞ்சு வடிகட்டியானால் சோப்பு நீரில் அலசி நன்றாக உலர்த்தினால் போதும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் க்ஷேமம், கரி படிந்து ஈரமாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். புகைக்குழாயின் சல்லடையில் கரி அடைத்தாலும் யந்திரம் வலுவிழக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகே கார்புரேட்டரின் திருகுகளைத் தொடலாம். யந்திரத்தைச் சில நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மெதுவான ஓட்டத்துக்கு ஒரு திருகு, முழு வேகத்துக்கு ஒரு திருகு, நின்ற நிலை வேகத்துக்கு ஒரு திருகு. விசையை விட்டதும் யந்திரம் அணையாமலும், அதே சமயம் வெட்டும் தலை சுழலாமலும் இருக்க வேண்டும். சுழன்றால் மூன்றாவது திருகைச் சற்றுத் தளர்த்துங்கள்.

அபாயம் முழு வேகத் திருகில் இருக்கிறது. அதை இறுக்க இறுக்கப் பெட்ரோல் குறையும்; யந்திரம் கணீரென்று பாடும்; வேகம் கூடும். கேட்பவருக்குப் பரமானந்தம்! ஆனால் பெட்ரோல் குறைந்தால் அதனுடன் வரும் எண்ணெயும் குறைகிறதல்லவா? ஜுரக்காரன் முகத்துச் சிவப்பை ஆரோக்கியம் என்று எண்ணலாமா? வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது லேசாகக் கரகரத்து, புல்லில் வைத்ததும் தெளியும் குரலே சரியான குரல்.

மூன்றாவது, ஓய்வு. 2025-ம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 100-க்கு 20 பங்கை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாட்பட்டால் கார்புரேட்டரைக் கெடுக்கும். வேலையில்லாத மாதங்களில் தொட்டியைக் காலி செய்து, மீந்தது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தி வையுங்கள்.

வெட்டும் தலையில் கை வைக்குமுன் யந்திரத்தை அணைத்துப் பிளக்கின் கம்பியைக் கழற்றவும், ஓடும்போது கண்ணாடி அணியவும், பிறரைப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் நிறுத்தவும் மறக்க வேண்டாம். தெறிக்கும் கல்லுக்குக் கண் தெரியாது.

பெரியவர் மறுபடியும் வந்து கொல்லையைச் சுத்தம் செய்து கொடுத்தார். திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டு, தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். "இந்தச் சத்தம் போதும், ஐயா" என்றார். சாப்பிடப் போகுமுன், தம் எண்ணெய்ப் பெட்ரோல் டப்பாவை நம் கண்ணில் படும்படி திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நாம் அதைத் தொடவில்லை.