பூரிக்கட்டையும் கருத்துச் சுதந்திரமும்

போபாலில் நான் பணியாற்றும் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் கையெழுத்து இதழ் ஒன்றைத் தயாரிப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவ்விதழின் ‘சிரிப்போம்’ பக்கத்திற்கு 12 நகைச்சுவைத் துணுக்குகள் வந்தன. அவற்றுள் 9 துணுக்குகள் கணவன் மனைவியைப் பற்றியவை. மனைவி கையில் பூரிக்கட்டை இருக்கும்; கணவன் தலை வீங்கியிருக்கும். அவள் ஓயாது பேசுவாள், புடைவை கேட்பாள், அவள் சமைத்ததை வாயில் வைக்க இயலாது. அவன் பாத்திரம் தேய்ப்பான், நடுங்குவான். எழுதியவர்கள் 13, 14 வயதினர். தம் வீட்டில் கண்டதை எவரும் எழுதவில்லை. விடுமுறைக்குச் சென்றபோது தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய வார இதழ்களிலிருந்தும், உறவினர்கள் கைப்பேசியில் அனுப்பியவற்றிலிருந்தும் எடுத்திருந்தனர்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “இப்பக்கத்தை நீக்கிவிடலாமா, மேடம்?” என்று கேட்டாள். துணுக்குகளைத் தொகுத்த மாணவன் உடனே எழுந்தான். “நீக்கக் கூடாது, மேடம். அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கருத்துச் சுதந்திரம் அளித்திருக்கிறது. சமூக அறிவியல் வகுப்பில் படித்தோம்” என்றான். இருவரும் என்னைப் பார்த்தனர். அப்போது மணி அடித்தது. அம்மணி என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அம்மாணவன் கூறியது சரியே. அச்சுதந்திரத்திற்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளையும் அதே 19ஆவது பிரிவு கூறுகிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு முதலியன. பழைய சுவையற்ற துணுக்கு அப்பட்டியலில் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. துணுக்கு எழுதியவரைத் தண்டிக்கும் அதிகாரம் ஒருவர் கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ் வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். 1987இல் ஆனந்த விகடன் தன் அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்து ஒரு துணுக்கு வெளியிட்டது. அதற்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பெரும் எதிர்ப்பு எழவே, அவர் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்கைது செல்லாது எனத் தீர்ப்பளித்து, 1000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அத்துணுக்கு அதிகாரத்தில் இருந்தவர்களை நோக்கியது. அதனால் எழுதியவருக்கு ஆபத்து வந்தது. பூரிக்கட்டைத் துணுக்கு எழுதியதற்காக எவரேனும் சிறை சென்றதாக நான் அறியேன். இரண்டையும் ஒரே சுதந்திரம் காக்கிறது. ஆயினும் பின்னதை எழுதத் துணிவு வேண்டியதில்லை. உற்றுநோக்கும் கண்ணும்கூட வேண்டியதில்லை.

பாத்திரம் தேய்க்கும் கணவன் ஏன் சிரிப்பூட்டுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர், கணக்கெடுத்த நாளில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்திருந்தனர். ஆண்களில் அவ்வாறு செய்தவர்கள் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. வேலை செய்த பெண் அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிட்டது 97 நிமிடம். நான்கு ஆண்களில் மூவர் தொடாத வேலையைத் துணுக்கில் வரும் கணவன் செய்கிறான், அதனால் சிரிக்கிறோம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அதே வேலையைச் செய்யும் பெண்ணைப் பார்த்து எவருக்கும் சிரிப்பு வருவதில்லை. அவள் கண்ணிலேயே படுவதில்லை.

இனி என் வீட்டுச் செய்தி. பணி மாறுதலில் நான் இங்கு வந்தபின், திருநெல்வேலியில் என் கணவர்தாம் சமைத்து மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். (அவர் வைக்கும் ரசம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.) விடுமுறையில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். “உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?” என்று என் பெரியப்பா கேட்டார். மதுரை என்றால் மீனாட்சியின் ஆட்சி, சிதம்பரம் என்றால் நடராசரின் ஆட்சி. பழைய கேலிதான், நயமும் உண்டு. நானும் சிரித்தேன். அவர் அத்துடன் நிறுத்தவில்லை. “மாப்பிள்ளைக்கு இனிப் புடைவை ஒன்றுதான் பாக்கி” என்றார். பந்தியில் இருந்த அனைவரும் சிரித்தனர். என் கணவரும் சிரித்தார். 11 வயதான என் மகன் மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி திறந்ததும், “அப்பா, இனிமேல் நீங்கள் மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டாம். காலையிலேயே நான் எடுத்துப் போகிறேன்” என்று கூறிவிட்டானாம். என் கணவர் தொலைபேசியில் வேறு ஏதோ பேசும்போது இடையில் இதைச் சொன்னார்.

இது எத்தகைய வலி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘மதராசி’ என்று அழைத்து, ‘ஐயையோ’ என்று இழுத்துப் பேசிக்காட்டும் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். 1968இல் வெளிவந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹமூத் ஏற்ற தென்னிந்திய இசையாசிரியர் வேடத்தைக் கண்டு நாடே சிரித்தது. அவர் தேர்ந்த நடிகர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. உங்கள் சீக்கிய நண்பர்களுக்கும் இவ்வலி தெரியும். சர்தார்ஜி துணுக்குகளைத் தடுக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடிமக்களுக்கு ஒழுக்க நெறிகளை நீதிமன்றம் வகுத்தளிக்க இயலாது என்று 2017இல் அந்நீதிமன்றம் கூறியது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால், நீதிமன்றம் தடுக்காததால் அத்துணுக்கு நல்லது என்று ஆகிவிடாது. சொல்பவனுக்கு உள்ள உரிமை, “இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை” என்று கூறுபவளுக்கும் உண்டு. அவளை ‘நகைச்சுவை உணர்வு இல்லாதவள்’ என்று வாயடைப்பவர்கள், கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் கருத்தைத் தடுக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் எதையும் நான் நீக்கவில்லை. “உங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்து, நீங்கள் சிரித்த ஒன்றை எழுதி வாருங்கள். பழையதும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும்” என்றேன். தொகுத்த மாணவன் மாலைக்குள் நான்கு துணுக்குகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டான். ஐந்தை விடாப்பிடியாக வைத்துக்கொண்டான். நீக்கச் சொன்ன மாணவி ஒன்று எழுதி வந்தாள்:

அம்மா: பூரிக்கட்டையைக் காணோமே?
அப்பா: துணுக்கு எழுதுகிறவர்கள் எடுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்தால்தான் இன்றைக்குப் பூரி!

பக்கத்தின் முதலில் அதை ஒட்டியவன் அம்மாணவன்தான். அவ்விதழின் படி ஒன்றைத் திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறேன். மகன் படித்தானா என்று இன்னும் கேட்கவில்லை.