ருசு யார் கையில்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் வேகத்திற்குப் பெயர்போன மோட்டார் வண்டியொன்றை வாங்குகிறார். ஐந்து வருஷம் அல்லது 60,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை எஞ்சினுக்கு உத்தரவாதம் என்று கம்பெனி எழுத்து மூலம் வாக்களிக்கிறது. வாங்கியவர் புகைக்குழாயை மாற்றுகிறார். காற்று வடிகட்டியை மாற்றுகிறார். பிறகு வெளிப்பட்டறையொன்றில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றுகிறார். ஒரு நாள் எஞ்சின் உடைந்து நிற்கிறது. “நீர் வண்டியை மாற்றினீர், ஆகையால் உத்தரவாதம் ரத்து” என்கிறது கம்பெனி. “உடைந்த பாகத்திற்கும் நான் மாற்றியதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார் உடையவர். இவ்வகைத் தகராறு அந்நாட்டில் நெடுங்காலமாக ஓயாமல் நடந்து வருகிறது.

செல்வர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றி நாம் எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்று வாசகர்களிற் சிலர் கேட்கலாம். விஷயம் வண்டியோடு நிற்பதன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவனுக்கு உள்ள பாத்தியதை எவ்வளவு? எழுதிக் கொடுத்த வாக்குறுதியினின்று விற்றவன் எப்பொழுது விலகலாம்? காரணத்தை ருசுப்பிக்க வேண்டியவர் யார்? இம்மூன்று கேள்விகளும் டிராக்டர் வாங்கும் குடியானவனுக்கும், கைப்பேசி வாங்கும் மாணவனுக்கும் பொதுவானவை. வேக வண்டிகளின் வழக்கில் அவை தெளிவாகத் தெரிகின்றன என்பதாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

முதலில் எஞ்சின் உடைவது எப்படி என்பதைப் பார்ப்போம். டர்போ பொருத்திய எஞ்சினில் காற்று அமுக்கி உள்ளே செலுத்தப்படுகிறது. அவ்வமுக்கத்தின் அளவு, பெட்ரோலின் அளவு, தீப்பொறி எழும் கணம் ஆகிய மூன்றையும் கம்ப்யூட்டர் நிர்ணயிக்கிறது. மட்டரகப் பெட்ரோல், கடும் வெயில், மலைப்பாதை, கவனமற்ற ஓட்டுநர் ஆகிய யாவற்றையும் உத்தேசித்துத் தொழிற்சாலையார் கொஞ்சம் வலிமையை மிச்சம் வைத்தே இவ்வளவுகளைக் குறிக்கிறார்கள். வெளிப்பட்டறையார் அந்த மிச்சத்தைச் செலவழிக்கிறார்கள். 200 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினை, ஒரு திருகாணியையும் கழற்றாமல், 250க்கு மேல் உயர்த்திவிட முடிகிறது. ஆனால் அமுக்கமும் உஷ்ணமும் மிகும்பொழுது பெட்ரோல் கலவை ஒழுங்காக எரிவதற்குப் பதிலாகத் தானே வெடிக்கிறது. அந்த அடி சம்மட்டி அடி போன்றது. பிஸ்டனில் இரு வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய கரை முதலில் பிளக்கிறது. பிறகு அமுக்கம் குறைந்து, எண்ணெய் எரிந்து, எஞ்சின் நாசமாகிறது. வேறு சமயங்களில், பந்தயப் பாதையின் வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிட, எண்ணெயின்றிச் சுழலும் தாங்கிகள் தேய்ந்து, பிஸ்டன் தண்டே முறிகிறது.

இதுவரை கம்பெனியின் கட்சி பலமுள்ளதாகவே தோன்றும். ஆயினும் இதே பிஸ்டன் கரை, யாரும் கைவைக்காத எஞ்சினிலும் உடைவதுண்டு. பெட்ரோலை நேரே உருளைக்குள் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் பாரம் இழுக்கும்பொழுது, தீப்பொறி எழுமுன்னரே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தடுக்கவே 2018-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எஞ்சின் எண்ணெய்க்குப் புதிய தரமொன்றை வகுத்தது. வார்ப்படத்தில் குறையிருக்கலாம், தொழிற்சாலையில் பூசிய பிசின் துணுக்கு எண்ணெய் வழியை அடைக்கலாம். காயம் ஒன்று, காரணங்கள் பல. ஆகவே ‘வண்டி மாற்றப்பட்டது’ என்பது ஒரு சங்கதியேயன்றி, ‘அதனால் எஞ்சின் உடைந்தது’ என்பதற்கு ருசு ஆகாது.

இவ்வுண்மையை அமெரிக்கச் சட்டம் அறியாமலில்லை. செனட்டர் வாரன் மாக்னுஸன், பிரதிநிதி ஜான் மாஸ் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் உத்தரவாதச் சட்டம் 1975 ஜனவரியில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் கையொப்பம் பெற்றது. இன்ன கம்பெனியின் உறுப்புகளையே வாங்கிப் பொருத்தவேண்டும், இன்ன பட்டறையிலேயே பழுது பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையின்மேல் உத்தரவாதத்தைக் கட்டுதல் கூடாது என்பது அதன் முக்கியமான ஷரத்து. அவ்வுறுப்பை இலவசமாகக் கொடுத்தாலோ, அது இல்லாமல் பொருள் சரிவர இயங்காதென்று கூட்டரசு வர்த்தகக் கமிஷனிடம் காட்டி விலக்குப் பெற்றாலோதான் நிபந்தனை செல்லும். வெளி உறுப்பினால் இன்ன சேதம் உண்டாயிற்றென்று கம்பெனி காட்டுமாயின், அச்சேதத்திற்கு மட்டும் அது ஜவாப்தாரியாகாது. புகைக்குழாயை மாற்றியவனுக்கு ஜன்னல் மோட்டார் பழுதானால் உத்தரவாதம் இல்லை என்று சொல்ல இச்சட்டம் இடங்கொடாது. வழக்கில் வென்றவனுக்கு வக்கீல் செலவையும் கோர்ட்டு வாங்கித் தரலாம்.

சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிட்டதென்றும் நாம் கூறவில்லை. வெளி உறுப்புகளை உபயோகித்தால் உத்தரவாதம் போகும் என்ற பொருள்பட எழுதியதற்காக, ஹார்லி–டேவிட்ஸன் மோட்டார் சைக்கிள் கம்பெனியின்மீது 2022-இல் அக்கமிஷன் நடவடிக்கை எடுத்து, அவ்வாசகத்தை நீக்கச் செய்தது.

அங்ஙனமாயின் தகராறு ஏன் தீரவில்லை? ருசுவின் பாரம் கம்பெனியின் தலைமேல் இருக்கிறது. ஆனால் ருசுவின் சாதனங்களும் கம்பெனியின் கைக்குள்ளேயே இருக்கின்றன. வியாதியின் வேர் இதுதான். உடைந்த வண்டி ஏஜெண்டின் பட்டறைக்குப் போகிறது. அங்கே கம்ப்யூட்டரைப் படிப்பவன் ஏஜெண்டின் ஆள். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சம்மதியென்றும், குற்றம் உம்முடையதானால் பிரித்த கூலி உம்முடையதென்றும் உடையவரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. முடிவு கூறுபவனும் சம்பளத்தைக் கம்பெனி வழியாகப் பெறுகிறவனே. வழக்காடும் கட்சிக்காரனே சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளை உடையவர்களுக்கு ‘டிடி1’ என்ற குறி நன்கு தெரியும். ஏஜெண்டு பட்டறையில் கம்ப்யூட்டரைப் படிக்கும்பொழுது, அதிலுள்ள மென்பொருள் கம்பெனியின் பதிவோடு ஒத்திராவிட்டால், வண்டியின் அடையாள எண்ணின்மேல் இக்குறி ஏறுகிறது. அதன்பின் எஞ்சின் முதலிய இயக்கப் பகுதிகளின் உத்தரவாதம் தடைப்படுகிறது. இதில் மறைந்துள்ள அநீதி ஒன்றுண்டு. குறி மனிதன்மேல் அன்று, வண்டியின்மேல் விழுகிறது. மென்பொருளை மாற்றியவன் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றி வண்டியை விற்றுவிட்டுப் போகிறான். எதுவும் அறியாமல் அதனை வாங்கிய இரண்டாமவன், எஞ்சின் உடைந்த பிறகே தனக்கு உத்தரவாதம் இல்லையென்று தெரிந்துகொள்கிறான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

கம்பெனிகளின் கட்சியையும் நேர்மையோடு சொல்லவேண்டும். அதிக அமுக்கத்தில் பல மாதம் ஓட்டி, எஞ்சின் வெடித்ததும் பழைய மென்பொருளை ஏற்றி, பழைய புகைக்குழாயை மாட்டி, ஒன்றும் அறியாதவர்போல ஏஜெண்டின் வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு. இது சாமர்த்தியமன்று, மோசடி. அந்த எஞ்சினின் விலையைக் கம்பெனி தன் பெட்டியிலிருந்து கொடுப்பதில்லை. அடுத்த வருஷத்து வண்டி விலையில் ஏற்றி, ஒன்றையும் மாற்றாத ஜனங்களிடமே வாங்கிக்கொள்கிறது. புகை சுத்திகரிக்கும் கருவிகளைக் கழற்றி எறிபவர்களோ ஊரார் மூச்சுக்கே தீங்கு செய்கிறார்கள். பத்து வருஷ காலத்தில் 5,50,000-க்கு மேற்பட்ட டீஸல் பிக்கப் வண்டிகளில் இக்கருவிகள் செயலற்றதாக்கப்பட்டன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸி 2020-இல் மதிப்பிட்டது. இத்தகையோருக்காக நாம் வாதாட வரவில்லை. அதிக வேகத்தை விரும்பி எடுத்தவன் அதன் நஷ்டத்தையும் ஏற்கவேண்டும் என்பதே நியாயம்.

ஆனால் கம்பெனிகள் தாமே மூட்டிய ஆசைக்குத் தாம் ஜவாப்தாரியல்ல என்று கூறுவதை நாம் ஒப்புக்கொள்ளவியலாது. 2008-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் ஜிடி–ஆர் வண்டியில், நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப ஓர் ஏற்பாடு இருந்தது. அதனை உபயோகிக்க, வண்டியை நிலைப்படுத்தும் கருவியை நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்கான விசையைப் பொருத்தியவர் கம்பெனியார். அதனை நிறுத்தி ஓட்டி வரும் சேதத்திற்கு உத்தரவாதமில்லை என்று கையேட்டில் அச்சிட்டவரும் அவரே. கியர்ப்பெட்டிகள் உடைந்து கூக்குரல் எழுந்தது. பின்னர் அக்கம்பெனி மென்பொருளை மாற்றியமைத்தது. டொயோட்டா ஜிஆர்86 வண்டி வாங்கியவர்களுக்குப் பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பழகும் வாய்ப்பை அக்கம்பெனியே இலவசமாக அளித்தது. ஆயினும் 2022-இல் அவ்வண்டியொன்றின் எஞ்சின் கெட்டபொழுது, உடையவர் வண்டியைச் சறுக்கி ஓட்டிய புகைப்படத்தைக் காட்டி உத்தரவாதம் மறுக்கப்பட்டதாகச் செய்தி பரவிப் பெரும் விவாதம் எழுந்தது. விளம்பரத்தில் சறுக்கும் வண்டியைக் காட்டி விற்றவர், வாங்கியவன் சறுக்கியதைக் குற்றமாக எடுத்துக் காட்டுவது எவ்விதத்தில் பொருந்தும்?

வண்டியின் கம்ப்யூட்டருக்கு எஜமான் யார் என்ற பெரிய வழக்கும் இதனுள் அடங்கியிருக்கிறது. 2015-இல் வாஷிங்டனில் பதிப்புரிமை விசாரணை நடந்தபொழுது, வண்டியின் மென்பொருளை உடையவர் திறந்து பார்க்க அனுமதிக்கலாகாதென்று ஜெனரல் மோட்டார்ஸும் டிராக்டர் செய்யும் ஜான் டீர் கம்பெனியும் வாதித்தன. டிராக்டரை வாங்கியவனுக்கு அதன் மென்பொருளில் உள்ளது உபயோகிக்கும் அனுமதி மட்டுமே என்பது டீர் கம்பெனியின் நிலை. அதிருஷ்டவசமாக, காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் அவ்வாதத்தை ஏற்கவில்லை; பழுது கண்டறிதல், பழுது நீக்குதல், சட்டத்திற்குட்பட்ட மாற்றம் ஆகியவற்றுக்கு விலக்களித்தார். அதே வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், விபத்துச் சங்கதிகளைப் பதியும் கருவியிலுள்ள விவரங்கள் வண்டிக்கு உடையவனுக்கே சொந்தம் என்று சட்டம் செய்தது. ஆனால் அச்சட்டம் அந்த ஒரு கருவியோடு நின்றுவிட்டது. எஞ்சின் எத்தனை சுழற்சி சுழன்றது, எப்பொழுது உஷ்ணம் மிகுந்தது, மென்பொருள் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற பதிவுகளே உத்தரவாத வழக்கின் உயிர்நிலை. அவற்றைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை.

நம் நாட்டு நிலையையும் சிறிது கவனிப்போம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவோ, சேதம் நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாதென்கிறது; மாற்றத்தால் சேதம் விளைந்திருக்கவேண்டும் என்ற சொல்லே அங்கில்லை. அமெரிக்காவில் 1975-இலேயே வகுக்கப்பட்ட பேதத்தை நம் சட்டம் இவ்விடத்தில் வகுக்கவில்லை. எனினும் அதே சட்டத்தில் மேலான ஏற்பாடு ஒன்றுண்டு. பரிசோதனையின்றி அறியமுடியாத குறையாயின், மாவட்டக் கமிஷன் பொருளின் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுச்சாலைக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். கட்சிக்காரனின் பட்டறையை விட்டு ருசுவை வெளியே கொண்டுவரும் வழி இதுதான். நம் வக்கீல்கள் இதனை இன்னும் அதிகமாக உபயோகிக்க வேண்டும்.

முடிவாக, நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, உத்தரவாதத்தை மறுக்கும் கம்பெனி, இன்ன மாற்றத்தால் இன்ன பாகம் இவ்விதம் உடைந்தது என்று காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். இரண்டாவது, கம்ப்யூட்டரின் பதிவு முழுவதையும் உடைந்த பாகங்களையும், உடையவர் கேட்டவுடன் அவரிடமோ அவர் நியமிக்கும் நிபுணரிடமோ ஒப்படைக்கவேண்டும். மூன்றாவது, வண்டியின்மேல் மறுப்புக் குறி ஏற்றினால், பழைய வண்டி வாங்குகிற எவரும் விலைபேசுமுன் அதனைப் பார்த்தறியும்படி வைக்கவேண்டும். குற்றமற்ற கம்பெனிக்கு இவற்றால் ஒரு காசும் நஷ்டமில்லை. மோசடி செய்ய வருகிற வண்டிக்காரனும் இவற்றாலேயே அகப்படுவான்.

சட்டம் கொடுத்த பாத்தியதை, ருசு கிடைக்காவிட்டால் பூட்டிய பெட்டியிலுள்ள பொன்னுக்கே சமானம். பெட்டியை விற்றவன் சாவியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.