குடிச்சே கெட்டாங்களா?

போன வெள்ளிக்கிழமை இங்கே மஸ்கட்டில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. பிரியாணி முடிந்ததும் பேச்சு எப்படியோ மூணாறு பக்கம் திரும்பியது. ஒருத்தர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "எஸ்டேட் ஆளுங்களா? குடிச்சே கெட்டாங்க சார். நாற்பது வயசுல சுகர், பிரஷர், வீட்ல சண்டை. அவங்க குணமே அப்படி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வங்கியில் சேர்ந்த புதிதில் தேவிகுளம் தாலுகாவில் மூன்று வருடம் இருந்தவன். படித்தது பி.காம். தான், டாக்டர் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். பார்ப்போமா?

2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமைப் பெண்கள் மூணாறு ரோட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸை 10 ஆக்கியதில் வெடித்தது அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீடும் போகும், பிள்ளைகளில் ஒருத்தர் அதே தோட்டத்தில் கொழுந்து கிள்ள வந்தாலொழிய. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு. ஏலத்தோட்டத் தமிழர்கள் பலர் அடிக்குப் பயந்து போடிப் பக்கம் ஓடினார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. மாநில அரசு அறிவித்தது விமானத்துக்கு 10 லட்சம், லயத்துக்கு 5 லட்சம். உயிருக்கும் பாதி விலை!

இதெல்லாம் உடம்புக்குள் எங்கே போகும்? பயந்தால் கார்ட்டிசால் சுரக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். யானை துரத்தினால் ஓட அது வேண்டும். யானை போனதும் இறங்கிவிடும். பயம் போகவே இல்லையென்றால்? தூக்கம் கெடும், ரத்தக்குழாய் கெடும், சின்னதுக்கெல்லாம் கோபம் வரும். புரூஸ் மெக்வென் என்ற விஞ்ஞானி இந்தத் தேய்மானத்துக்கு 'அலோஸ்டாடிக் லோட்' என்று பெயர் வைத்தார். எங்கள் பாஷையில் கூட்டு வட்டி.

லண்டனில் 1967-ல் தொடங்கி அரசு ஊழியர்களை ஆராய்ந்தார்கள். மேல்மட்ட அதிகாரியைவிடக் கடைநிலை ஊழியர் இதய நோயில் சாவது சுமார் மூன்று மடங்கு. சிகரெட், கொழுப்பு எல்லாம் கழித்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள்கூட இல்லை!

குடி கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஈரல் யாருக்கும் தள்ளுபடி தராது. ஆனால் குடியைத் தொடாத எத்தனை பெண்கள் பிரஷர் மாத்திரை அட்டையோடு என் கவுன்டருக்கு வந்தார்கள், தெரியுமா? அவர்கள் என்ன குடித்தார்கள்? குடிக்கு எதிராக முகாம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கட்டுப்படியாகும் கூலியும், சொந்தப் பெயரில் வீடும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. விசா புதுப்பிக்கும் மாதம் வந்தால் நம் வீடுகளில் யார் தூங்குகிறோம்? அன்று உபதேசம் செய்த நண்பரும் சாப்பிட்டு முடித்துப் பிரஷர் மாத்திரை போட்டார். கேட்டால், "டென்ஷன் சார்" என்றார்.

நமக்கு வந்தால் டென்ஷன். அவர்களுக்கு வந்தால் குணமா?